நாப்பது நிமிசப் பாடத்தைச் சின்னச் சின்னதாப் பிரிச்சுப் படிப்பிச்ச அனுபவம், உங்கட கதையளையும் சொல்லுங்கோ

பாலைமரம்:

எல்லாருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில கணிதம் படிப்பிக்கிறன், தரம் 8, 9 தான் கூட. குட்டிக் குட்டிப் பாடமாப் படிப்பிக்கிறதைப் பற்றி எழுதோணும் எண்டு கனநாளா நினைச்சுக்கொண்டிருந்தனான், ஏன் எண்டால் முதல் நான் அதைப் பிழையாத்தான் செய்தனான், எங்க பிழை எண்டு பிடிபடவே ரெண்டு தவணை போட்டுது.

தொடங்கினது 2020 இல. மார்ச்சில பள்ளிக்கூடம் பூட்டின உடன எல்லாரும் வட்ஸ்அப்பில படிப்பிக்க வெளிக்கிட்டம்தானே. என்ர பிள்ளையளில கனபேரின்ர வீட்டில ஒரே ஒரு போன், அதையும் தகப்பன் வயலுக்குக் கொண்டுபோயிடுவார், பின்னேரம்தான் பிள்ளையின்ர கைக்கு வரும், சிக்னலுக்குக் குளக்கட்டில ஏறோணும். 20 நிமிச வீடியோ அனுப்பினன், ஒருத்தரும் பாக்கேல்ல, டேட்டா காணாது. பிறகு 3 நிமிசத்துக்குள்ள ஒரு வொயிஸ், கொப்பிப் பக்கத்தின்ர படம் ஒண்டு, கீழ ஒரே ஒரு கணக்கு. அதுக்குத்தான் விடை வரத் தொடங்கினது. வகுப்பில வாயே திறக்காத ஒரு பிள்ளை ஒவ்வொரு நாளும் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பினவள்.

பள்ளிக்கூடம் திறந்தாப்பிறகு அதையே வகுப்புக்குள்ள செய்வம் எண்டு பாடவேளையை நாலாப் பிரிச்சு, பத்துப் பத்து நிமிசமா மணிக்கூட்டைப் பாத்துப் பாத்துப் படிப்பிச்சன். சரிவரேல்ல. 40 நிமிசமும் நான் ஒரேயடியாக் கதைச்சதை இப்ப நாலு தரம் நிப்பாட்டிக் கதைச்சன், அவ்வளவுதான் வித்தியாசம், பிள்ளையள் அப்பவும் பாத்துக்கொண்டுதான் இருந்ததுகள்.

எனக்குக் கண் திறந்தது விகிதம் படிப்பிச்ச அண்டைக்கு. கடைசி வாங்கில ஒரு பெடியன், காலபோகம் வந்தால் பிந்தித்தான் வருவான், தகப்பனோட வயலுக்கு மருந்து அடிக்கப் போறவன். (அவன் மருந்து அடிக்கிறது எனக்குத் துண்டா விருப்பமில்லை, தாயைக் கூப்பிட்டு அதைத் தனியாக் கதைச்சனான்.) கணக்கு இதுதான்: மருந்தும் தண்ணியும் 1:200 எண்டால் 16 லீற்றர் தண்ணிக்கு எவ்வளவு மருந்து? எல்லாரும் குனிஞ்சு எழுதுதுகள், இவன் எழுதாமலே "80 மில்லி மிஸ், மூடியால நாலு மூடி" எண்டான். எப்பிடியடா வந்தது எண்டு கேட்டால் "அப்பா அப்பிடித்தான் விடுறவர்". சரி வா, வந்து பலகையில செய் எண்டன். 16 ஐ 200 ஆல பிரி எண்டு எழுதினான், எழுதிப்போட்டு சோக்கோட அப்பிடியே நிண்டான். விடை அவனுக்குத் தெரியும், அந்த விடைக்குப் போற வழியில ஒரு படி இல்லை.

அப்பதான் யோசிச்சன், இந்த ஒரு கணக்குக்குள்ள மூண்டு சங்கதி கிடக்கு. லீற்றரை மில்லி லீற்றர் ஆக்கிறது, 1:200 எண்டால் என்ன எண்டு விளங்கிறது, பிறகு பிரிக்கிறது. நான் மூண்டையும் ஒரே மூச்சில சொல்லிக்கொண்டு போறனான். அண்டைக்கு மிச்சத்தை விட்டிட்டு ஒண்டே ஒண்டுதான் கேட்டன், 16 லீற்றர் எத்தினை மில்லி லீற்றர்? ஆளுக்கு ஒரு அரைத்தாள், பக்கத்தில பாக்கக்கூடாது, ஆறு நிமிசம். சேர்த்துப் பாத்தால் கனபேர் 1600 எண்டு எழுதியிருக்கினம்! இத்தினை வருசமா அந்தப் படியைப் பலகையில நானே ஒரு வரியில எழுதிப்போட்டுப் போனதால இந்தப் பிழை என்ர கண்ணில படவே இல்லை. எனக்கு அண்டைக்கு இரவு நித்திரை வரேல்ல.

இப்ப நான் செய்யிறது இப்பிடி. ஒரு துண்டு எண்டால் பிள்ளை தன்ர கையால செய்து முடிக்கிற ஒரு வேலை. அது 5 நிமிசமும் எடுக்கும் 12 நிமிசமும் எடுக்கும், மணிக்கூட்டைப் பாத்து வெட்டிறதில்லை. அடுத்தநாள் முதல் மூண்டு நிமிசம் கொப்பி மூடி, நேற்றையான் வேலை திரும்ப வரும், 16 க்குப் பதிலா 12 லீற்றர். 60 மில்லி எண்டு வந்தால் மேல போவம், வராட்டி அந்தத் துண்டு திரும்ப. ஒருக்கா நான் "அம்மம்மா குழைச்சு உருட்டித் தாற சோறு மாதிரி, வாய்க்குள்ள இருக்கிறது இறங்கினாப்பிறகுதான் அடுத்தது" எண்டு சொன்னனான், அதில இருந்து "மிஸ் இண்டைக்கு எத்தினை உருண்டை?" எண்டுதான் கேக்குதுகள்.

டிப்ளோமா செய்யேக்க இதெல்லாம் சோதினைக்குப் பாடமாக்கினதுதான். உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885 இலயே படிச்சது எவ்வளவு கெதியா மறக்குது எண்டு தன்னையே வச்சு அளந்து எழுதிப்போட்டார், சுவெல்லர் 1988 இல மூளைக்கு ஏத்திற சுமையைப் பற்றி எழுதினவர், 2001 இல கோவன் ஒரே நேரத்தில மனசில பிடிச்சு வச்சிருக்கிறது கிட்டத்தட்ட 4 சங்கதிதான் எண்டவர். படிச்சு பாஸ் பண்ணினன், ஆனா அந்த 1600 ஐக் கண்டாப்பிறகுதான் அவையள் சொன்னது என்ன எண்டு விளங்கினது.

சிலபஸ் முடியுமோ எண்டு கேப்பியள். பார்வையிட வந்த ஒருத்தரும் அதைத்தான் கேட்டவர், நியாயமான கேள்வி. முதல் தவணையில பிந்தினன், ரெண்டு கிழமை மட்டில. மூண்டாந் தவணையில பழசைத் திருப்பிப் படிப்பிக்கிற வேலை குறைஞ்சதால பிடிச்சிட்டன். உங்கட அனுபவங்களையும் எழுதுங்கோ.

குளத்தடி:

அக்கா, நான் ஆரம்பப் பிரிவு, தருமபுரம் பக்கம். எங்களுக்கு ஆள் இல்லை, ஒரு மண்டபத்தில ரெண்டு வகுப்பை நான் ஒராள்தான் பாக்கிறன். 3 ஆம் தரத்துக்கு 8 நிமிசம் சொல்லிக் குடுத்திட்டு 4 ஆம் தரத்துக்குத் திரும்பினால் மற்றப் பக்கம் அந்த நேரத்தில தனியாச் செய்ய ஒரு வேலை இருந்தே ஆகோணும், இல்லாட்டி சண்டைதான். ஆனா எழுத்துப் பயிற்சிக்கு இது சரிவரேல்ல, பென்சில் தீட்டி முடியவே நேரம் போயிடும், அதுக்கு நான் முழுப் பாடவேளையும் விட்டுக் குடுக்கிறனான்.

வட்டக்கச்சிப் பெடியன்:

நான் ரீச்சர் இல்லை, வயறிங் வேலை. 2009 இல செட்டிகுளம் மெனிக் பாமில, இடம்பெயர்ந்த சனத்தின்ர முகாமில இருந்துதான் ஓ/எல் எடுத்தனான். கொப்பி தட்டுப்பாடு, நிவாரணம் வந்த பெட்டி மட்டையைக் கிழிச்சு எழுதினனாங்கள். எங்களோட ஒரு விஞ்ஞான சேரும் முகாமில இருந்தவர், தண்ணிக்கு வரிசையில நிக்கேக்க வாளியைக் கீழ வச்சிட்டுத் தடியால மண்ணில ஒரு முக்கோணம் கீறுவார், வி (மின்னழுத்தம்) மேல, ஐயும் (மின்னோட்டம்) ஆரும் (தடை) கீழ. அண்டைக்கு அவ்வளவுதான், ஓமின் விதி. அடுத்தநாள் வரிசையில அவரைக் கண்டால் வணக்கம் சொல்ல முதலே "ஆர் தெரியும், வி தெரியும், ஐ எப்பிடி?" எண்டு கேப்பார். பதில் சொல்லாமல் புதுசு வராது. அந்த முக்கோணத்தை இப்பவும் சுவரில பென்சிலால கீறிப்போட்டுத்தான் நான் எந்த வயர் போடுறது எண்டு பாக்கிறனான்.

இளைப்பாறிய ஆசிரியர்:

பிள்ளை, நல்லாச் செய்யிறீர். ஒண்டு மட்டும் சொல்லோணும், எல்லாத்தையும் வெட்டிப்போடாதேயும். கேத்திரகணித நிறுவல் ஒண்டோட பிள்ளை அரை மணித்தியாலம் மல்லுக்கட்டோணும். வழி தெரியாமல் இருந்து பழகாத பிள்ளை சோதினையில புதுக் கணக்கைக் கண்டால் பேனையை மூடி வச்சிடும். 30 வருசத்துக்கு மேல கண்டதில சொல்லுறன்.

பாலைமரம்:

சேர், நீங்கள் சொல்லுறது முழுக்கச் சரி, நான்தான் எழுதாமல் விட்டிட்டன். வெள்ளிக்கிழமை எங்களுக்கு ரெண்டு பாடவேளை சேர்ந்து வரும், அதை நான் வெட்டிறேல்ல. போன வெள்ளி முக்கோணியின்ர மூண்டு அகக்கோணமும் சேர்ந்து 180 பாகை எண்டு நிறுவச் சொல்லி ஒரு உதவியும் செய்யாமல் விட்டனான். அந்த மருந்தடிக்கிற பெடியன் 25 நிமிசம் ஒண்டும் எழுதேல்ல. பிறகு அடிமட்டத்தை உச்சியில வச்சு, அடிக்குச் சமாந்தரமா ஒரு கோடு கீறினான். மணி அடிச்சது, எல்லாரும் எழும்பிட்டினம், இவன் "நில்லுங்கோ மிஸ், ஒன்றுவிட்ட கோணம், ஒன்றுவிட்ட கோணம்" எண்டு எழுதிக்கொண்டே இருந்தான்.

இப்பிடி நீண்ட நேரம் இருந்து செய்யிற கணக்குகள் நீங்கள் சேர்த்து வச்சிருந்தால் அனுப்பிவிடுவியளோ சேர்? தரம் 9 க்கு.