ஹோம் பார்க்கப் போகிறவர்கள் சாயங்காலம் போங்கள்

பட்டாளம் மகள்:

அப்பாவை முதியோர் ஹோமில் சேர்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மறதி நோய். டாக்டர் எழுதிக் கொடுத்தது அல்சைமர். இங்கே நிறையப் பேர் "நல்ல ஹோம் எது, பேர் சொல்லுங்க" என்று கேட்கிறீர்கள். பேர் சொல்ல மாட்டேன், ஒருத்தருக்கு ஒத்து வந்தது இன்னொருத்தருக்கு வராது. ஆனால் எப்போது போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். முன்கூட்டி போன் பண்ணாமல்.

காலை பதினொரு மணிக்கு எல்லா ஹோமும் நன்றாகத்தான் இருக்கும். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, டிவி முன்னால் வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். மாதவரம் பக்கம் நாங்கள் பார்த்த முதல் இடம் அப்படித்தான் இருந்தது. தரையில் முகம் பார்க்கலாம். அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்றான் தம்பி. எங்கள் சின்ன மாமியார் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். "பகல்ல பார்த்தது போதும், பொழுது சாயுற நேரத்துல ஒரு தடவை எட்டிப் பாரு" என்றார்.

போனோம். மாடியில் அத்தனை பேருக்கும் ஒரே ஒரு பெண். ட்யூப் லைட்டில் பாதி போடவில்லை. ஒரு பாட்டி கிரில் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தார். "கத்திட்டு அடங்கிடுவாங்க, டெய்லி இப்படித்தான்" என்றாள் அந்தப் பெண். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு கையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

கொளத்தூரில் பார்த்தது பழைய வீடு, சுவரில் பெயின்ட் உரிந்து கிடக்கிறது. ஆனால் இருட்டும் முன்பே கூடம் முழுக்க விளக்கு. ஒரு தாத்தா நடந்துகொண்டே இருந்தார், கூடவே ஒரு அட்டெண்டரும் நடந்தார். இரண்டு பாட்டிகள் முறத்தை வைத்து முருங்கைக்கீரை உருவினார்கள். காம்பும் கீரையும் ஒன்றாகத்தான் விழுந்தன, யாரும் திருத்தவில்லை. சத்தம் இங்கேயும் இருந்தது. ஆனால் சத்தம் போடுகிறவர் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். இங்கேயே சேர்த்தோம்.

அப்பா பி அண்ட் சி மில்லில் தறி ஓட்டியவர். மில்லை 1996-ல் மூடிவிட்டார்கள், அவருக்கு மட்டும் இன்னும் மூடவில்லை. பொழுது சாய்ந்தால் "சங்கு ஊதிடுச்சு" என்று எழுந்துவிடுவார், கேட்டைத் திறக்கச் சொல்லிச் சண்டை. ஹோமில் திருவண்ணாமலைக்காரப் பையன் ஒருவன் சேர்த்த வாரமே என்னைக் கேட்டான்: எந்த ஷிப்ட், சைக்கிளா நடையா, கூட யார் வருவாங்க, சாப்பாடு எடுத்துட்டுப் போவாரா? சேர்க்கும்போது நான் பூர்த்தி செய்த படிவத்தில் சுகர் மாத்திரைக்கும் ஆதார் எண்ணுக்கும்தான் இடம் இருந்தது. இதையெல்லாம் யார் கேட்டார்கள்? இப்போது சாயங்காலம் ஆனால் காலி டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து காம்பவுண்டுக்குள்ளேயே சுற்றி வரக் கூட்டிப் போகிறான். கொஞ்ச நேரத்தில் அப்பாவே "கால் வலிக்குதுடா" என்று உட்கார்ந்துவிடுவார். சில நாள் இதுவும் பலிக்காது, அன்றைக்குத் திட்டு வாங்கிக்கொள்வான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சாயங்காலம் எப்படிப் போகிறது? சொல்லுங்கள்.

காசிமேட்டுப் பையன்:

எங்கம்மாவுக்கும் அதே நேரம்தான். "போட்டு வந்துடுச்சா?" என்று அப்பா போன மீன்பிடிப் படகைக் கேட்டு ஆரம்பிப்பார். அப்பா தவறிப் பல வருடம் ஆகிறது. முதலில் சேர்த்த இடத்தில் ஒரு சூப்பர்வைசர், "உங்க வீட்டுக்காரர் செத்துட்டாரும்மா, மறந்துட்டீங்களா?" என்று தினமும் எடுத்துச் சொல்வார். உண்மையைச் சொல்கிறாராம். அம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் அது புதுச் சாவு. மாரில் அடித்துக்கொண்டு அழுவார். அழுது முடித்து, எதற்கு அழுதோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். பார்க்க முடியவில்லை, தண்டையார்பேட்டையில் வேறு இடத்துக்கு மாற்றினோம்.

புது இடத்தில் இருக்கும் ஆயாம்மா எங்க பக்கத்துக்காரங்க, ஏலத்தில் மீன் எடுத்து விற்றவங்க. அம்மா கேட்டதும் சட்டென்று, "தடைக்காலம் ஆச்சே, போட்டெல்லாம் கட்டிக் கிடக்கு" என்றாங்க. அம்மா "ஆமா இல்ல" என்று அடங்கிவிட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது எங்க பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஹோமில் மட்டும் வருஷம் பூரா தடைக்காலம் நடக்கிறது.

திருவொற்றியூர் வாசி:

தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு இது உறுத்துகிறது. வயதானவர், புத்தி தடுமாறியவர் என்பதால் வாய்க்கு வந்ததைச் சொல்லலாமா? என் அண்ணியிடம் "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றே சொல்லிச் சொல்லி, ஒரு நாள் அவர் பையைக் கட்டி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. எல்லாவற்றையும் மறப்பதில்லை. சிலது அவர்கள் மனதில் தங்குகிறது.

இரவு டியூட்டி:

நான் நர்ஸ். வடசென்னையில் ஒரு ஹோமில் இரவுப் பணி. நீங்கள் இரண்டு பேர் சொல்வதும் சரி. நாங்கள் எடுத்த எடுப்பில் பொய் சொல்வதில்லை. "வீட்டுக்குப் போகணும்" என்று ஒருவர் நின்றால் முதலில் பார்ப்பது பசிக்கிறதா, டயப்பர் நனைந்திருக்கிறதா, வெளிக்குப் போய் எத்தனை நாள், எங்காவது வலியா என்றுதான். முக்கால்வாசி நேரம் இதில் ஒன்று இருக்கும். வலிக்கிறது என்று சொல்ல வராது, வீட்டுக்குப் போகணும் என்று வரும். அதற்கு அப்புறம் "வீட்டுல யார் யார் இருக்காங்க, என்ன குழம்பு வைப்பீங்க" என்று பேச்சுக் கொடுப்போம். பாதிப் பேர் அதிலேயே தணிவார்கள். "நாளைக்குப் போகலாம்" என்று நாள் குறித்து வாக்குக் கொடுக்கவே கூடாது. காசிமேட்டு அம்மாவுக்குச் சொன்னது கடைசிக் கையிருப்பு. எனக்கு அது தப்பாகப் படவில்லை. சாவுச் செய்தியைத் தினம் சொல்வதுதான் கொடுமை.

பொழுது சாயும்போது தடுமாற்றம் கூடுவது இந்த நோயில் சகஜம். உடம்புக்குள் இருக்கும் பகல் இரவுக் கணக்கு கெட்டுவிடுகிறது. அலுப்பு, மங்கிய வெளிச்சம், சுவரில் நிழல். போதாக்குறைக்கு அந்த நேரத்தில்தான் எங்களுக்கு ஷிப்ட் மாறும். பழகிய முகம் போய்ப் புது முகம் வரும். அதனால் ஹோமில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை ஸ்டாஃப்" இல்லை, "ராத்திரி எட்டு மணிக்கு மாடியில் எத்தனை பேர்" என்பதுதான்.

இரண்டு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் மெல்ல மாறுவது மறதி நோய். நேற்று வரை ஒரு மாதிரி இருந்தவர் ஒரே நாளில் உளற ஆரம்பித்தாலோ, எழுப்பினாலும் அசந்து அசந்து போனாலோ அது வேறு. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, நிமோனியா, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று ஏதோ ஒன்று இருக்கும். "வயசாச்சு, நோய் முத்திடுச்சு" என்று விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். இன்னொன்று, அமைதியாக்க என்று கொடுக்கும் மாத்திரை. மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இதில் ஆன்டிசைக்கோட்டிக் என்ற வகை மருந்துகளால் உயிரிழப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துத் துறை 2005-லேயே எச்சரிக்கை போட்டது. லூயி பாடி என்ற வகை டிமென்ஷியா இருந்தால், அதாவது இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது, கை கால் விறைப்பு, ஒரு நாள் தெளிவு ஒரு நாள் குழப்பம், அவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மருந்து கொடுத்தால் கட்டை மாதிரி விறைத்துப்போகலாம். கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, சில பேருக்கு வேண்டியிருக்கிறது. என்ன மாத்திரை, எதற்கு, எப்போது குறைப்பீர்கள் என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற ஹோம் வேண்டாம்.

வியாசர்பாடி பேத்தி:

எங்கள் பாட்டி ரங்கூனில் பிறந்து வளர்ந்தவர். 1960-களில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலில் வந்த குடும்பம். தமிழ்தான் பேசுவார், ஆனால் நோய் முற்ற முற்றப் பர்மிய மொழி மேலே வந்துவிட்டது. ஹோம் நோட்டில் தினமும் "குளிக்க முரண்டு, அடிக்கிறார், கத்துகிறார்" என்று எழுதியிருக்கும். குளிப்பாட்டும் நாளில் இரண்டு பேர் பிடிக்க வேண்டுமாம். கையில் நகக் கீறல், பாட்டிக்கும் சரி, அவர்களுக்கும் சரி.

ஒரு நாள் அங்கே இருந்தபோது அவர் கத்தியதைப் போனில் பதிவு செய்து, பீச் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் எங்கள் சொந்தக்காரப் பெரியவரிடம் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "துணி குடு, துணி குடுன்னு கெஞ்சுதுமா" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். உடம்பில் ஒன்றும் இல்லாமல் நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். மார் வரைக்கும் லுங்கி கட்டிக் குளித்தே பழகிய மனுஷி. நம்ம ஊர்ப் பாட்டிகள் மட்டும் என்ன, பாவாடையை ஏற்றிக் கட்டித்தானே குளிப்பார்கள்? மறுநாள் பழைய லுங்கி இரண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டிவிட்டு, சொம்பைப் பாட்டி கையில் கொடுத்து, முதல் தண்ணீரை அவரையே காலில் ஊற்றிக்கொள்ளச் சொன்னார்கள். லுங்கி நனைந்தபடியே இருக்க, அதற்குள்ளேயே கையை விட்டு சோப்புப் போட்டாள் குளிப்பாட்டும் பெண். பிறகு காய்ந்த லுங்கியை மேலே சுற்றிவிட்டு நனைந்ததைக் கீழே நழுவ விட்டாள். ஒரு சத்தம் இல்லை. இதற்கும் அமைதி மாத்திரை எழுதியிருந்தார்கள், டாக்டரிடம் பேசிக் குறைத்தோம்.

கொருக்குப்பேட்டை:

நான் நல்ல அனுபவம் சொல்ல வரவில்லை. எங்கப்பாவுக்கு ஒரு ஹோமில் முதுகுக்குக் கீழே படுக்கைப்புண் வந்து, எங்களுக்குச் சொன்னதே நாற்றம் வந்த பிறகுதான். போகிற போதெல்லாம் போர்வை போர்த்தி வைத்திருப்பார்கள், அப்பா தூங்குகிறார் என்பார்கள். போர்வையை விலக்கிப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். இப்போது அங்கே இல்லை. சாப்பிட மறுக்கிறார், மூக்கில் டியூப் போடலாமா என்று கேட்கிறார்கள். என்ன செய்வது?

இரவு டியூட்டி:

வருத்தமாக இருக்கிறது. புண்ணுக்கு முதலில் சொல்கிறேன். வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால், இந்த மூன்று இடத்தையும் வாரம் ஒரு தடவையாவது நீங்களே பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் பரவாயில்லை. அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. நம்மவர் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது, அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கணும். படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது புரட்டிப் போடுவதுதான் வழக்கம், காற்று மெத்தை இருந்தாலும் புரட்டணும். புரட்டிய நேரம் எழுதும் சார்ட்டைக் கேளுங்கள். எல்லா நாளும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்றால் புரிந்துகொள்ளுங்கள்.

டியூப் பற்றி உங்கள் டாக்டர்தான் சொல்லணும். ஆனால் நோய் முற்றிய நிலையில் டியூப் போட்டால் ஆயுள் கூடும், நுரையீரலுக்குள் புரை ஏறாது என்று நினைப்பதற்கு ஆதாரம் இல்லை. கையால் ஊட்டுவதைத்தான் முதியோர் மருத்துவர்கள் முதலில் சொல்கிறார்கள். டியூப்பைப் பிடுங்குவார் என்று கையைக் கட்டுவதில் போய் முடியும். நிமிர்த்தி உட்கார வைத்து, மோவாய் கொஞ்சம் தாழ்ந்திருக்க, குழைந்த சாதமோ கெட்டியான கூழோ டீ ஸ்பூனில் அரை ஸ்பூன். விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்துவிட்டு அடுத்தது. தண்ணீர்தான் அதிகம் புரை ஏறும், கஞ்சிப் பதத்தில் கொடுப்பது சுலபம். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். நிறைய ஹோம்கள் டியூப் கேட்பது இந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான், எங்கள் ஹோமையும் சேர்த்தே சொல்கிறேன்.

பட்டாளம் மகள்:

நர்ஸம்மாவுக்கு நன்றி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024-ல் திறந்த முதியோருக்கான அரசு மருத்துவமனையை வடசென்னையில் சிலர் தூரம் என்று விட்டுவிடுகிறார்கள். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஏறினால் மாறாமல் கிண்டியில் இறங்கலாம். அண்ணா நகர் மேற்கில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பின் டெம்கேர்ஸ் பிரிவு இந்த நோய்க்கென்றே இருக்கிறது. புகார், ஆலோசனை எதுவானாலும் முதியோர் உதவி எண் 14567.

திருவொற்றியூர் வாசி:

பணம் பற்றி யாரும் பேசவில்லை. அண்ணியின் ஹோம் பில் மாதம் 30,000-க்கு மேல், டயப்பரும் மருந்தும் தனி. அவர் கணக்கிலேயே பணம் இருக்கிறது, எடுக்க முடியவில்லை. பவர் பத்திரம் எழுதி வைத்திருக்கிறோமே என்றேன். எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி தெளிவு போய்விட்டால் அந்தப் பவர் செல்லாது, 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது என்றார் வக்கீல். இப்போது ஹைகோர்ட்டில் கார்டியனாக நியமிக்கச் சொல்லி மனு போட்டிருக்கிறோம். நோய் ஆரம்பம்தான், கையெழுத்துப் போடத் தெரிகிறது என்கிற நிலையில் இருப்பவர்கள் நாளைக்கே பாங்குக்குப் போய்க் கணக்கை யாராவது ஒருவர் எடுக்கும்படி ஜாயின்ட் ஆக மாற்றுங்கள்.

பட்டாளம் மகள்:

ஆமாம், அப்படியே பென்ஷனும். அப்பாவுக்கு வருவது சொற்ப பி.எஃப். பென்ஷன்தான், ஆனால் உயிர்ச் சான்று கொடுக்காவிட்டால் அதுவும் நின்றுவிடும். தூக்கிக்கொண்டு பாங்குக்கு அலைய வேண்டாம். தபால்காரர் மெஷினோடு இருக்கும் இடத்துக்கே வந்து ரேகை வைத்து முடிப்பார். தறி ஓட்டிய கைக்கு ரேகை விழவில்லை என்றால் போனில் முகம் காட்டும் முறை இருக்கிறது. கண்ணைச் சிமிட்டச் சொல்லும். காலையில் டிபன் முடிந்த கையோடு செய்துவிடுங்கள், சாயங்காலம் கேட்டால் அப்பா ஏன் சிமிட்டணும் என்று சண்டைக்கு வருகிறார்.