ஸ்கிரிப்ட் கண்ணில் படாமல் வந்துபோகிறவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கேத்தி பாலாடா:
மேட்டுப்பாளையம் மண்டியின் கேரட் விலையை மட்டும் போடும் சிறு பக்கம் என்னுடையது. பார்ப்பவரின் பிரௌசரில் ஓடி ஆட்களை எண்ணும் ஜாவாஸ்கிரிப்ட் கவுண்டர் ஆள் நடமாட்டமே இல்லை என்றது. யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் ஒரு வரி எழுதிவைக்கும் சர்வர் லாகைத் திறந்தால் அதிகாலை 3 மணியிலிருந்தே வரிகள். தோட்டத்துக்கு ஆள் அனுப்பும் நேரம் அது என்று நம் ஊரில் சொல்லவே வேண்டாம். பள்ளத்தில் சிக்னல் தேய்ந்து கிடக்கும். விலை எழுத்தில் வந்துவிடும், ஸ்கிரிப்ட் வந்து சேர்வதற்குள் பார்த்தவர் மூடிவிடுவார்.

அதில் ஒரு போன். முதல் வரியில் 200, அதாவது பக்கம் முழுதாகப் போனது. அடுத்த நிமிடம் 304. மறுபடியும் 304. மறுபடியும். 304 என்றால் 'பக்கம் மாறியிருக்கிறதா?' என்று பிரௌசர் கேட்டு, 'இல்லை' என்று சர்வர் சொன்ன பதில். முந்தின நாள் விலையை நான் விடிந்த பிறகுதான் ஏற்றுவேன். கேரட்டைப் பிடுங்குவதா, ஒரு நாள் விடுவதா என்று தெரியாமல் யாரோ ஒருவர் இருட்டில் நின்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த வரிகளை இன்றும் மறக்க முடியவில்லை.

கோத்தகிரி:
கேத்திக்காரரே, அவசரப்பட்டு மனம் உருகாதீர்கள். அது மனிதரே இல்லாமல் தானாகப் பக்கங்களைத் திறக்கும் 'பாட்' என்ற நிரலாக இருக்கலாம். நான் பார்த்துக்கொள்ளும் ஹோம்ஸ்டே பக்கத்துக்கு மலர்க் கண்காட்சி முடிந்த பிறகும் லாகில் கூட்டம் குறையவில்லை. வீட்டுக்காரர் கூடுதல் மெத்தைக்கு ஆர்டர் கொடுக்கப் போனைக் கையில் எடுத்துவிட்டார். 'அண்ணா, ஒரு நிமிடம்' என்று தடுத்து வரிகளைக் காட்டினேன். முதலில், பாட்கள் எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு, பிறகு எல்லாப் பக்கங்களும் ஒரே மூச்சில். அறைகளின் படம் ஒன்றைக்கூட அது கேட்கவில்லை. அறை தேடி வருகிற மனிதர் படம் பார்க்காமல் போவாரா? அவர் முகம் வாடியதைப் பார்த்தவன் நான். லாகை எண்ணுவதற்கு முன் சலிக்க வேண்டும்.

கேத்தி பாலாடா:
தேடுபொறிகளும் 304 வாங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் விலையை ஏற்றியதும் அந்தப் போனுக்கு ஒரு 200 போயிருக்கிறது. அதோடு நின்றுவிட்டது. பாட் அப்படி நிற்காது.

பூம்பாறை:
என் கதை வேறு. 2019ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டைத்தான் விற்கிறோம். ஸ்கிரிப்ட் ஓடாதவர்களையும் எண்ணுவதற்காகப் பக்கத்தில் 43 பைட் ஜிஃப் படம் ஒன்று இருந்தது. ஒரே ஒரு பிக்சல், கண்ணுக்குத் தெரியாதது. அதையே வாடிக்கையாளர் மின்மடலிலும் வைக்கச் சொன்னார் என் கூட்டாளி. ஒவ்வொருவரின் மடலிலும் படத்துக்குத் தனி முகவரி என்பதால் அது இறங்கியதும் யார் திறந்தார் என்று லாகில் விழும்.

அவர் உடனே ஒரு அம்மாவுக்குப் போன் போட்டு, 'மடலைப் பார்த்தீர்களே, எத்தனை கிலோ அனுப்பட்டும்?' என்று கேட்டார். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது. 'நான் பார்த்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்றார் அந்த அம்மா. கூட்டாளியிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அன்றைக்கே மடலிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். கணக்காகவும் அது தேறாது: 2021 முதல் ஆப்பிள் மெயிலில் ஒரு தனியுரிமைக் காப்பு வசதி உண்டு, அதை இயக்கியவர்களுக்கு அது மடலைத் திறக்காமலே படங்களை இறக்கிவைத்துவிடுகிறது.

கூடலூர்:
பூம்பாறைக்காரர் செய்ததுதான் சரி. எனக்கும் ஒன்று நடந்தது. விடுதி முதலாளி ஒருவர், குறை எழுதும் பக்கத்தைத் திறந்த ஐபி (இணைய இணைப்பின் முகவரி எண்) யாருடையது என்று கேட்டார். தர மறுத்தேன், வேலை போனது. அவ்வளவுதான்.

லாக் வைத்திருப்பவர்களுக்குச் சில சொல்கிறேன். ஐபியின் கடைசி எண்ணைச் சுழியமாக்கிச் சேமியுங்கள். பக்கம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்ற கணக்கு அதனால் கெடாது. ஐபியை ஓர் ஆளாகவும் எண்ணாதீர்கள், மொபைல் நிறுவனங்கள் ஒரே ஐபியைப் பல போன்களுக்குப் பங்கிடுகின்றன. பழைய லாக் தானாக அழியும்படி வையுங்கள். பிக்சல் படம் வைத்தே தீர வேண்டுமென்றால் 'சேமித்துவைக்காதே' என்று பிரௌசருக்குச் சொல்லும் 'நோ-ஸ்டோர்' தலைப்போடு அனுப்புங்கள், இல்லையென்றால் இரண்டாம் முறை பிரௌசர் தன்னிடம் இருப்பதையே எடுத்துக்கொள்ளும், உங்களுக்கு வரி விழாது. முன்னால் சிடிஎன் (உங்கள் பக்கங்களை நகலெடுத்து வைத்துப் பரிமாறும் இடைச் சர்வர்கள்) இருந்தாலும் இதே கதை: அது தன் கையிருப்பிலிருந்து கொடுத்த பக்கம் உங்கள் லாகுக்கு வராது. வரிகளைக் கண்ணால் எண்ணாதீர்கள், லாகை எண்ணித் தரும் கோஅக்சஸ் என்ற மென்பொருள் இலவசம், டெர்மினலிலேயே ஓடும். எந்தத் தளத்திலிருந்து வந்தார்கள் என்பதற்கு இப்போது பெரும்பாலும் தளத்தின் பெயர் மட்டும்தான் கிடைக்கும். 2020ல் குரோம் 85 வந்தபோது முழு முகவரி அனுப்புவதை இயல்பாக நிறுத்திவிட்டார்கள்.

கோத்தகிரிக்காரருக்கு: கூகுள்பாட் என்று சொல்லிக்கொண்டு வருவதெல்லாம் கூகுளுடையது அல்ல. ஐபியிலிருந்து அந்தச் சர்வரின் பெயரைத் தேடி, கிடைத்த பெயரிலிருந்து மீண்டும் ஐபியைத் தேடிப் பாருங்கள். பெயர் கூகுளின் தளத்துடையதாக இருந்து, இரண்டும் பொருந்தினால் மட்டும் நம்புங்கள்.