மொறிஸ் மைனரின் முன் சில்லு மடிந்த அன்று

எங்கள் வீட்டுக் கேற்றடியில்தான் நடந்தது. அப்பா விட்டுப்போன 1959 மொறிஸ் மைனர். மானிப்பாய் வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் இறக்கி, வளவுக்குள் நுழைய ஸ்ரியரிங்கை முழுக்க ஒடித்தேன். டக் என்று ஒரு சத்தம். இடப்பக்க முன் சில்லு கீழே வெளிப்பக்கமாக விரிய, மட்காட் ரயரில் குந்திவிட்டது. பக்கத்திலிருந்த அம்மா "முருகா" என்றது மட்டும் கேட்டது. வேகம் பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. ஆனால் சற்று முன்புதான் கைதடியில் அறுபதில் வந்தேன். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இந்தக் காரில் சில்லைத் தாங்கும் கிங் பின்னின் இரு முனையிலும் புரி வெட்டியிருக்கும். அதில் மேலொன்று கீழொன்றாக ட்ரனியன்கள் நட்டு மாதிரி ஏறி நிற்கும். ஸ்ரியரிங்கைத் திருப்புகிற ஒவ்வொரு தடவையும் அந்தப் புரிதான் உரசுகிறது. கிறீஸ் போகாவிட்டால் கீழ்ப் புரி மழுங்கி ஒருநாள் கழன்றுவிடும். பெரும்பாலும் முன்கூட்டிச் சத்தம்கூடப் போடாது. மண்ணெண்ணெயில் கார் ஓடிய தொண்ணூறுகளில் எல்லோருடைய கண்ணும் காபரேற்றரில்தான் இருந்தது. மட்காட்டுக்குள் யார் குனிந்து பார்த்தது?

கராச் அண்ணை வந்து பார்த்துவிட்டு, "தம்பி, கிறீஸ் அடிச்சனீரோ?" என்றார். அடித்தேன்தான், சில்லு நிலத்தில் ஊன்றியிருக்க. பாரம் அமுக்குகிற பக்கத்துக்குக் கிறீஸ் சரியாகப் போகாதாம். ஜக் போட்டுத் தூக்கி, இரண்டு பக்கமும் ஒடித்து ஒடித்து அடிக்க வேண்டுமாம்.

கொழும்பில் கார்ச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்து கிங் பின் ஒன்று எடுப்பித்தேன். ட்ரனியன் ஏறவே இல்லை. ஒரு பக்கத்துக்கு வலம்புரி, மற்றப் பக்கத்துக்கு இடம்புரி! சங்கில்தான் அந்த வித்தியாசம் என்று நினைத்திருந்தேன். எந்தப் பக்கம் என்று நான் சொல்லவேயில்லை, அனுப்பியவரைக் குறை சொல்ல முடியாது. பிறகு இடப்பக்கத்துக்குப் புதுசு வாங்கினேன்.

பூட்டுவது பெரிய வேலையில்லை. கழற்றும்போதுதான் கவனம். சுருள்வில்லுக்குப் பதிலாக இதில் டோர்ஷன் பார் என்ற நீளக் கம்பி, முறுகியபடி நிற்கும். கீழ்க் கைக்கு ஜக் கொடுக்காமல் நட்டைத் தொட்டால் ஆபத்து. ட்ரனியனை முட்ட ஏற்றியபின், ஸ்ரியரிங் இரு பக்கமும் முழுதாக ஒடிய இடம் விட்டுச் சற்றுப் பின்னால் திருப்ப வேண்டும்.

* * *

உங்களுக்குச் சில்லு மடிந்தது, என்னுடைய மைனரில் மடியாமல் தப்பினேன். அதுவும் இரண்டு தடவை பெயரிங் மாற்றிக் காசைக் கரைத்த பிறகு. சில்லைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்து, பெயரிங் போய்விட்டது என்றே சொன்னார்கள். கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு ஆட்டினார். ஆட்டம் அப்படியே இருந்தது. பெயரிங் என்றால் பிரேக் பிடித்ததும் நின்றிருக்கும். கழற்றினால் கீழ்ப் புரியில் பாதி இல்லை. நீங்கள் வலப்பக்கத்தையும் பார்த்தீர்களா?

* * *

பார்த்தேன். அதுவும் போகிற நிலையில்தான். சும்மா கிடந்த பஞ்சிகாவத்தைக் கிங் பின் அதற்கு அச்சாவாகப் பொருந்திவிட்டது. அம்மாதான் இன்னும் முன் சீற்றில் ஏறமாட்டேன் என்கிறா.