பள்ளித் தோட்டத்துக் கொடிகளுக்குக் குரோஷா வலை பின்னலாமா?

பாலக்கோட்டுப் பந்தல் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டை அடுத்த ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் சத்துணவு மையச் சமையல் உதவியாளராகப் பணியாற்றுகிறேன். சமையலறையின் கிழக்குச் சுவரை ஒட்டிய குறுகலான நிலத்தில், தலைமையாசிரியரின் ஒப்புதலோடு, பாகல், பீர்க்கு, பந்தல் அவரை ஆகியவற்றை மாசியில் ஊன்றினேன். வாசலில் வேம்பு பூத்துப் புங்கமரமும் புதுத்தளிர் விட்டிருக்கும் இந்தப் பங்குனியில் கொடிகள் நன்றாக ஓடத் தொடங்கிவிட்டன. ஆனால், அவற்றுக்குப் பிடிமானமாக நட்டிருந்த துவரை மிளார்கள் வெயிலில் காய்ந்து ஒவ்வொன்றாக முறிகின்றன.

மதியம் பாத்திரங்களைக் கழுவி அடுக்கிய பிறகும், இரவில் வீட்டு வேலை முடிந்த பிறகும் குரோஷா, அதாவது கொக்கி ஊசியால் நூலை வளையம் வளையமாகக் கோத்துப் பின்னும் வேலை, செய்வது என் நெடுநாள் வழக்கம். வாசல் தோரணம், தண்ணீர்ப் பானைக்கு ஓரத்தில் மணி கோத்த மூடுவலை, மேசை விரிப்பு என்று வெள்ளைப் பருத்தி நூலில் பல பின்னியிருக்கிறேன். ஆகவே கடையில் விற்கும் பச்சை நைலான் வலையை வாங்கிக் கட்டாமல், என் கையாலேயே ஒரு கொடிவலை பின்னிச் சுவரோரம் கட்ட விரும்புகிறேன். பிள்ளைகள் தட்டேந்தி வரிசையில் நிற்கும் இடம் அது. ஒரு கொக்கி ஊசியும் நூலும் இருந்தால் பயன்படும் பொருள் ஒன்றைச் செய்துவிடலாம் என்பதை அவர்கள் கண்ணெதிரே காண வேண்டும் என்பது என் ஆசை.

பருத்தி நூல் வெயிலையும் கோடை மழையையும் தாங்குமா, அல்லது சணல் கயிறு எடுக்க வேண்டுமா? அரிசி வரும் சாக்குகளைப் பிரித்துச் சணல் எடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். காலிச் சாக்குகளுக்குக் கணக்கு உண்டு என்பதால் அவற்றில் நான் கை வைப்பதில்லை. வலையின் கண் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்? ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளி மூடிய பின், மே மாதம் முழுவதும் நாள்தோறும் சென்று நீர் ஊற்ற இயலாது. அப்போது கொடிகளை எவ்வாறு காப்பது? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகக் கூற வேண்டுகிறேன்.

ஓசூர் நூல்கண்டு:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். கொடிவலை பின்னுவது தாராளமாகச் செய்யக்கூடிய வேலைதான். நானும் வீட்டு மாடியில் பாகலுக்கு இவ்வாறே பின்னிக் கட்டி வருகிறேன்.

தோரணம் பின்னும் மெல்லிய பருத்தி நூலை இதற்கு எடுக்காதீர்கள். அது அழகாக இருக்கும். ஆனால் காய் பிடித்ததும் இழுபட்டு நீளும், மண்ணில் படும் இடத்தில் விரைவில் மட்கி அறுந்தும் போகும். வன்பொருள் கடைகளில் சுருளாகக் கிடைக்கும் முறுக்கேறிய சணல் கயிற்றில், இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் தடிமன் உள்ளதை வாங்குங்கள். அதற்கு ஆறு மில்லிமீட்டர் கொக்கி ஊசி பொருந்தும். மெல்லிய நூலுக்குரிய இரும்பு ஊசியால் சணலை இழுத்தால் விரல் மூட்டுகள்தான் வலிக்கும். சணலில் தூசியும் சிலும்பும் மிகுதி என்பதால், பின்னுவதற்கு முன்பு சுருளை ஒருமுறை நீரில் நனைத்து, நிழலில் நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். சிலும்பு படியும், கயிறும் சுருங்க வேண்டிய அளவு முன்பே சுருங்கிவிடும். அதன் பிறகு அளந்து பின்னினால் வலையின் நீளம் பின்னால் மாறாது.

பின்னும் முறை எளியது. அடிச் சங்கிலி போட்டபின், பன்னிரண்டு செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு ஒரு சிங்கிள் குரோஷா (கீழே உள்ள பின்னலோடு இணைக்கும் குட்டைத் தையல்), மீண்டும் பன்னிரண்டு செயின் ஒரு சிங்கிள் குரோஷா என்று வளைவு வளைவாக வரிசையை முடியுங்கள். அடுத்த வரிசையில் ஒவ்வொரு வளைவின் நடுவிலும் சிங்கிள் குரோஷாவைப் பிடித்தால் சாய்சதுரக் கண்கள் தாமே அமையும். கண்ணுக்குள் உங்கள் கை முழுதாக நுழைந்து, பறித்த காயோடு வெளியே வர வேண்டும். அதுவே சரியான அளவு. இழுத்துப் பின்னும் கைக்கும் தளர்த்திப் பின்னும் கைக்கும் செயினின் எண்ணிக்கை மாறும் என்பதால், முதலில் ஒரு முழம் மாதிரி பின்னி, அதில் ஒரு லிட்டர் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை இரவு முழுவதும் தொங்கவிட்டுப் பாருங்கள். காலையில் கண் மிகவும் நீண்டிருந்தால் செயின்களைக் குறைத்துக்கொள்ளலாம்.

நைலான் வலை வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது. மெல்லிய நைலான் கண்ணிகளில் ஓணானும் பாம்பும் சிறு பறவைகளும் சிக்கி உயிர்விடுகின்றன. பருவம் முடிந்ததும், சுற்றிக் காய்ந்த கொடியை அதிலிருந்து பிரித்தெடுப்பதும் பெரும்பாடு. சணல் வலையையோ காய்ந்த கொடியோடு அப்படியே சுருட்டிக் குப்பைக் குழியில் போட்டுவிடலாம், அதுவும் எருவாகிவிடும்.

காவேரிப்பட்டணம் தோப்புக்காரர்:

அம்மா, வணக்கம். வலையைப் பற்றி ஓசூர் அம்மையார் நன்றாகச் சொல்லிவிட்டார். நான் செடியைப் பற்றிச் சொல்கிறேன்.

பந்தல் அவரையை நம்பி இப்போது வலை பின்ன வேண்டாம். அது பகற்பொழுது குறைந்த, குளிர்ந்த நாட்களில் பூத்துக் காய்க்கும் பயிர். ஆடியில் ஊன்றினால் மார்கழி, தை மாதங்களில் சட்டி நிறையக் காய் தரும். மாசியில் ஊன்றினால் கோடை முழுவதும் இலையும் கொடியுமாக ஓடி, உங்கள் நீரைக் குடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கொடித் தட்டைப்பயறு போடுங்கள். வெயிலைத் தாங்கும், மண்ணுக்கும் தழைச்சத்துச் சேர்க்கும்.

பாகலும் பீர்க்கும் கோடைக்கு ஏற்றவை. எனினும் கடும் வெப்பத்தில் ஆண் பூக்களே மிகுதியாக வரும் என்பதைக் கண்டு மனம் தளர வேண்டாம். பூவின் அடியில் சிறு காய் போன்ற பிஞ்சு தெரிந்தால் அது பெண் பூ. தேனீ நடமாட்டம் குறைவாக இருந்தால், ஓர் ஆண் பூவைக் கிள்ளி அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடுங்கள். பாகல் காலையில் மலரும் என்பதால் சமையலுக்கு அடுப்புப் பற்ற வைக்கும் முன்பே இதைச் செய்துவிடலாம். பீர்க்கு மாலையில் மலரும் என்பதால் அதற்கு நீங்கள் வீட்டுக்குத் திரும்பும் நேரத்தைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். பழ ஈ தாக்காமல் இருக்க, பிஞ்சுப் பாகல்களைப் பழைய செய்தித்தாளில் உறை செய்து மூடுவது நல்ல பயன் தரும்.

நீருக்கு வருகிறேன். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுந்திருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-இல் தொடங்கப்பட்ட அத்திட்டத்தின் நீர் பிள்ளைகள் குடிப்பதற்கு உரியது; அதைக் கொடிகளுக்குத் திருப்பிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பதிலாகப் பானைப் பாசனம் செய்யுங்கள். மெருகு பூசாத மண்பானையை இரண்டு கொடிகளுக்கு நடுவே கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி, கொசு முட்டையிடாதபடி வாயைத் தட்டால் மூடிவிடுங்கள். பானையின் சுவர் வழியே கசியும் நீரை வேர்கள் தேடி வந்து எடுத்துக்கொள்ளும். மண்ணின் மேற்பரப்பு நனையாததால் வெயிலில் ஆவியாகும் இழப்பும் குறைவு. வேரடியில் மக்கிய ராகித் தாளையோ நிலக்கடலைத் தோலையோ நான்கு விரற்கடை உயரத்துக்கு மூடாக்காகப் பரப்பினால், மே மாதத்திலும் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பானையை நிரப்பினால் போதும். புது ராகித் தாளை மூடாக்காக்க வேண்டாம், அது மாட்டுக்கு வேண்டும்.

இங்கே பெங்களூரா மாமரங்களில் இப்போது பிஞ்சுகள் தொங்குகின்றன. சித்திரையில் இடியோடு ஒரு கோடை மழை வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்கிறோம். அந்த மழைக்கு முன்பாக வரும் காற்று பலமானது. ஆகவே வலையைச் சுவரில் ஆணியடித்து மட்டும் விடாமல், இரு முனைகளிலும் உறுதியான கல்தூணிலோ மரக்கம்பத்திலோ கட்டுங்கள்.

பென்னாகரம் சமையற்கட்டு:

அக்கா, நானும் உங்களைப் போலச் சத்துணவு மையத்தில்தான் இருக்கிறேன். 1982-இல் இத்திட்டம் தொடங்கியபோது பணியில் சேர்ந்த என் தாயார் அன்று வைத்த முருங்கையும் கறிவேப்பிலையும் இன்றும் எங்கள் மையத்துச் சாம்பாருக்குப் பயன்படுகின்றன. ஆகவே உங்கள் முயற்சியைப் படித்தபோது மனம் நிறைந்தது.

அரிசி களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் ஒரு பெரிய அண்டாவில் பிடித்து அன்றன்றே பானைகளில் ஊற்றிவிடுங்கள்; தேக்கி வைத்தால் நாறும். அரிசி களைந்த நீரைத் துணியில் வடிகட்டி ஊற்றாவிட்டால், அடியில் தங்கும் மாவு பானையின் நுண்துளைகளை அடைத்துவிடும். உப்புப் போட்டு வடித்த கஞ்சியும், சோப்புத்தூள் கலந்த பாத்திரம் கழுவிய நீரும் காய்கறிப் பாத்திக்குப் போகவே கூடாது. காலை உணவுத் திட்டம் வந்த பிறகு எங்கள் பள்ளியில் காலையிலும் காய் கழுவிய நீர் கிடைக்கிறது. அங்கே சமைக்கும் மகளிர் குழுச் சகோதரிகளிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அவர்களும் எடுத்து வைப்பார்கள்.

விடுமுறைக்கு ஒரு யோசனை. அங்கன்வாடி மையம் அருகில் இருந்தால் அங்குள்ள ஆயாவிடம் பேசிப் பாருங்கள். எங்கள் ஊரில் மே மாதத்தில் விளையும் பாகலையும் பீர்க்கையும் அவர் பறித்துக்கொள்வார், பானைகளையும் அவரே நிரப்புவார் என்று பேசி வைத்திருக்கிறோம். ஜூனில் பள்ளி திறக்கும்போது கொடி உயிரோடு இருக்கிறது.

பாலக்கோட்டுப் பந்தல்:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அவரையை எடுத்துவிட்டுத் தட்டைப்பயறு விதையை இன்று மாலையே ஊறப் போடுகிறேன். அங்கன்வாடி எங்கள் பள்ளி வளாகத்திலேயே இருப்பதால் அந்த யோசனை எனக்கு மிகவும் பொருந்தும். ஓசூர் சகோதரியிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். பீர்க்கங்காய்கள் ஒரே சமயத்தில் பல தொங்கும்போது முழுப் பாரமும் வலையின் மேல்வரிசையில்தானே விழும்? அந்த வரிசை அறுந்தால் வலை முழுவதும் சரிந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

ஓசூர் நூல்கண்டு:

உங்கள் அச்சம் நியாயமானது. அதனால்தான் மேல்வரிசையைச் சணலை மட்டும் நம்பி விடக் கூடாது. தேங்காய் நார்க் கயிறு ஒன்றைச் சுவரின் நீளத்துக்குமேல் இரண்டு முழம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையைப் பின்னும்போது அந்தக் கயிற்றைப் பின்னலின் மேல் கிடத்தி, ஒவ்வொரு சிங்கிள் குரோஷாவையும் கயிற்றைச் சுற்றி உள்ளடக்கிப் போடுங்கள். ஒரு வளைவுக்கு ஐந்தாறு தையல்கள் நெருக்கமாக விழுந்தால் கயிறு பின்னலுக்குள் மறைந்துவிடும். பாரம் கயிற்றில் இறங்கும், சணல் இழுபடாது. இரு முனைகளிலும் மிஞ்சும் கயிற்றைக் கம்பத்தில் கட்டலாம். நடுவிலும் வில்போல் தொய்யாமல் இருக்க, ஓர் ஆள் உயர இடைவெளிக்கு ஒன்று வீதம் கவைக்கோல் கொடுங்கள். வலையின் அடிவிளிம்பு மண்ணைத் தொடாமல் ஒரு சாண் உயரத்தில் நிற்கட்டும். இளங்கொடியை அந்த இடைவெளியில் மட்டும் தனிச் சணல் இழையால் மேலே ஏற்றிவிட்டால் போதும், அந்த இழை மட்கி அறுவதற்குள் பற்றுக்கம்பிகள் வலையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஒரே திசையில் பின்னிக்கொண்டு போய் ஒவ்வொரு வரிசையிலும் கயிற்றை வெட்ட வேண்டியதில்லை. வரிசை முடிந்ததும் திருப்பிக்கொண்டு பின்னுங்கள், முடிச்சுகள் குறையும். முடிச்சு விழும் இடமே முதலில் நைவதால், சுருள் தீர்ந்து புதுச் சுருளை இணைக்கும்போது இணைப்பை ஓரத்தில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.