கருப்பு காரில் வட்டக் கோடுகள்: பாலிஷ் தேவையா, வாக்ஸ் போதுமா?

கருஞ்செடான்:
கருப்பு நிற ஜெர்மன் செடான், நாலு வருஷம் ஆச்சு. நிழலில் பார்த்தால் கண்ணாடி. வெயிலில் நிறுத்தினால் பானெட்டிலும் டிக்கி மூடியிலும் சிலந்தி வலை மாதிரி ஸ்விர்ல் மார்க். முன்கதவில் நகம் வைத்தால் தட்டுப்படுகிற ஒரு கீறலும் உண்டு. டீட்டெய்லிங் கடையில் ரோட்டரி மெஷினில் காம்பவுண்ட் (கரடான பாலிஷ் பசை) போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். டிஏ பாலிஷர் (பேட் என்கிற ஃபோம் வட்டு சுற்றிக்கொண்டே ஆடுகிற மெஷின்) வாங்கி நானே செய்வது சரிவருமா? அல்லது கார்னாபா (பனை மெழுகு) வாக்ஸ் ரெண்டு கோட் போட்டாலே கோடு மறைந்துவிடுமா? ஒரு பெயிண்ட் எத்தனை பாலிஷ் தாங்கும்?

மைக்ரான்கணக்கு:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். தொழிற்சாலை பெயிண்ட் மொத்தமாகவே சுமார் 100 முதல் 140 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அதில் மேலே இருக்கிற கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) 35 முதல் 50. நீங்கள் பார்க்கிற கோடெல்லாம் அந்தக் கிளியர் கோட்டில் விழுந்தவை. பாலிஷ் என்பது கோடுகளை நிரப்புவது இல்லை, சுற்றியிருக்கிற பரப்பைக் கோடுகளின் ஆழத்துக்குச் சீவி இறக்குவது. கனமான காம்பவுண்ட் ஒரு சுற்றுக்கு 3 மைக்ரானுக்கு மேலேயும் எடுக்கும். ஃபினிஷிங் பாலிஷ் ஒன்றோ அதற்கும் கீழேயோ. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறதும் அதே கிளியர் கோட்தான். ரொம்ப மெலிந்துவிட்டால் சில வருஷத்தில் வெளுத்து, செதில் செதிலாக உரியும். அப்புறம் ரீபெயிண்ட் தவிர வழி கிடையாது.

அதனால் மெஷினுக்கு முன்னாடி பெயிண்ட் கேஜ் (பெயிண்டின் கனத்தை அளக்கிற கருவி) வாங்குங்கள். விலை குறைந்த கேஜ் சிலது காந்த முறையில் இரும்புத் தகட்டில் மட்டும் வேலை செய்யும். சொகுசு கார்களில் பானெட், ஃபெண்டர் பெரும்பாலும் அலுமினியம். ஆடி ஏ8 போல உடலே அலுமினியமாக வந்த மாடலும் உண்டு. இரும்பு, அலுமினியம் இரண்டையும் அளக்கிற கேஜாகப் பாருங்கள். பம்பர் பிளாஸ்டிக், அதில் இந்த கேஜ் எதுவும் காட்டாது. ஒரு பேனலுக்கு ஐந்தாறு இடம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 200 மைக்ரானுக்கு மேல் காட்டினால் அங்கே ஏற்கெனவே பெயிண்ட் வேலை நடந்திருக்கலாம். 80, 90க்குக் கீழே என்றால் காம்பவுண்ட் பக்கமே போகாதீர்கள். கேஜ் காட்டுவது மொத்தக் கனம், கிளியர் கோட்டின் கனம் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

நகம் தட்டுகிற கீறலை விரட்டி அழிக்க நினைக்காதீர்கள். விளிம்பை மழுக்கிவிட்டால் பாதி கண்ணுக்குத் தெரியாது, அது போதும்.

பேட்மாற்றி:
டிஏ வாங்குங்கள், ரோட்டரி வேண்டாம். ரோட்டரி ஒரே அச்சில் சுற்றுவதால் சூடு ஓரிடத்தில் தேங்கும். பழகாத கையில் பானெட் மடிப்பிலும் கதவு விளிம்பிலும் கிளியர் கோட்டைத் தின்றுவிடும். கருப்பில் ஹோலோகிராமும் (வெயிலில் நெளிகிற வரித் தடம்) விடும். அந்த விளிம்புகளில் பெயிண்ட் இயல்பிலேயே மெலிசு. டிஏ ஆனாலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கருப்பு ரப்பர், பிளாஸ்டிக் ஓரங்களுக்கும் சேர்த்து.

பாலிஷைவிட அதற்கு முந்தின வேலைதான் நேரம் பிடிக்கும். ரெண்டு வாளி முறையில் (ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் அலச வெறும் தண்ணீர்) வாஷ், பிறகு அயர்ன் ரிமூவர் (ஒட்டிய இரும்புத் துகளைக் கரைப்பது; ஊதா நிறமாகி வழியும், காய விடாமல் கழுவவும்), பிறகு லூப்ரிகன்ட் தாராளமாக அடித்து கிளே பார் (ஒட்டிய அழுக்கை இழுக்கிற களிமண் போன்ற கட்டி). கிளே கீழே விழுந்தால் தூக்கிப் போடுங்கள், துடைத்துப் பயன்படுத்தாதீர்கள். தூசி எடுக்காமல் மெஷின் வைத்தால் அந்த மண்ணையே பேட் உங்கள் பெயிண்டில் தேய்க்கும்.

முதலில் பானெட்டில் 45 செ.மீ. சதுரம் டேப் போட்டுச் சோதனை. மென்மையான ஃபோம் பேடும் ஃபினிஷிங் பாலிஷும் வைத்துத் தொடங்குங்கள். கோடு போகவில்லை என்றால்தான் மீடியம் பேட், அதற்கும் மசியவில்லை என்றால் காம்பவுண்ட். ஜெர்மன் கார்களின் கிளியர் கோட் பெரும்பாலும் கடினம் என்பார்கள், ஆனால் பெயரை நம்பி நேரே காம்பவுண்டுக்குத் தாவாதீர்கள். சோதனைச் சதுரம் சொல்வதைக் கேளுங்கள்.

அளவு: 5 அங்குல பேடுக்கு பட்டாணி அளவில் நாலு சொட்டு. வேகம் 1ல் பரப்பி, 4 அல்லது 5ல் ஓட்டவும். கை நகர்வு நொடிக்கு 2, 3 செ.மீ.; ஒவ்வொரு ஓட்டமும் முந்தினதன் மேல் பாதி ஏறுகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாக நாலு சுற்று. மெஷின் எடையும் கொஞ்சம் கை அழுத்தமும் போதும். பேட் ஒட்டுகிற பேக்கிங் பிளேட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் பேட் சுற்றுகிறதா, சும்மா அதிர்கிறதா என்று தெரியும். சுற்றாவிட்டால் பெயிண்டைச் சீவாது. அழுத்தத்தைக் குறையுங்கள், பேடைத் தட்டையாகப் பிடியுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடை பிரஷால் சுத்தம் செய்ய வேண்டும். முழுக் காருக்கு ஆறு பேடாவது வேண்டும்.

கருஞ்செடான்:
நன்றி. சோதனைச் சதுரத்தில் மீடியம் பேட் போட்டதும் கோடு போயிற்று, ஆனால் லைட் அடித்தால் லேசாகப் புகை படிந்த மாதிரி மங்கல். இதன் மேல் வாக்ஸ் போட்டால் சரியாகுமா?

மைக்ரான்கணக்கு:
ஆகாது. அது மீடியம் பேட் விட்ட நுண்ணிய கீறல்கள். மென்மையான பேட், ஃபினிஷிங் பாலிஷ், அழுத்தமே இல்லாமல் ஒரு முறை ஓட்டினால் தெளியும். அப்புறம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை 10 முதல் 15 சதவீதமாகத் தண்ணீரில் கலந்து தெளித்துத் துடையுங்கள். பல பாலிஷ்களில் எண்ணெயும் ஃபில்லரும் (கோடுகளை நிரப்புகிற பொருள்) இருக்கும், அவை கோடுகளை மறைத்துவிடும். துடைத்த பிறகு தெரிவதுதான் உண்மை நிலை.

மெழுகுக்கை:
வாக்ஸ் போடுகிற விதம் பற்றி யாரும் சொல்லவில்லையே. வாக்ஸ் கோடுகளை எடுக்காது, ஆழமான பளபளப்பும் தண்ணீர் உருளுவதும்தான் தரும். பேனல் தொட்டால் குளிர்ச்சியாக, நிழலில் இருக்கணும். அப்ளிகேட்டரில் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிகிற அளவு மெலிசாகத் தடவுங்கள். கனமாகப் போட்டால் கூடுதல் பாதுகாப்பு கிடையாது, துடைக்கும்போது இழுவிக்கொண்டு கறை விடும். விரலால் ஒரு கோடு இழுங்கள்: சுத்தமாகத் தெளிந்தால் துடைக்கலாம், இழுவினால் இன்னும் கொஞ்ச நேரம். ரெண்டாவது கோட் மறுநாள்.

கார்னாபா வெயிலில் சில வாரம் முதல் மூன்று மாதம் வரை. நீண்ட காலம் வேண்டும் என்றால் சிந்தெடிக் சீலன்ட் (செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு) முதலில், வாக்ஸ் அதன் மேல். ரீபெயிண்ட் ஆன பேனலில் பெயிண்ட் கடை சொல்கிற கால அளவு முடியும் வரை (பெரும்பாலும் 30 நாளுக்குக் குறையாது) வாக்ஸ் போடாதீர்கள், உள்ளே இருக்கிற சால்வன்ட் வெளியேறணும். மேட் பெயிண்டில் பாலிஷும் வேண்டாம், வாக்ஸும் வேண்டாம். ஒரு முறை பளபளத்துவிட்டால் திரும்ப மங்க வைக்க முடியாது.

இந்தக் கோடெல்லாம் பெரும்பாலும் கார் கழுவுகிற துணியால் வந்தவை. பழைய துணியே தொடர்ந்தால் ரெண்டு மாதத்தில் மறுபடி இதே திரிக்கு வருவீர்கள்.