இரண்டாம் வகுப்பில் 'அரும்பு' குழு, கவலைப்பட வேண்டுமா?

திருமங்கலம் அம்மா:
என் மகள் அரசு தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு. எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் அவளை அரும்பு குழுவில் உட்கார வைத்திருக்கிறார்கள், பக்கத்து வீட்டுப் பையன் மலர் குழுவில் இருக்கிறான். தினமும் பாட்டு, ஆட்டம், புளியங்கொட்டை என்றே சொல்கிறாள். இதில் படிப்பு எங்கே வருகிறது?

மேலூர் டீச்சர்:
அம்மா, அரும்பு, மொட்டு, மலர் என்பது ரேங்க் இல்லை, பிள்ளை இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்பதற்கான அடையாளம்தான். 2022-ல் இந்தத் திட்டம் வந்ததே கொரோனாவில் பள்ளி மூடியிருந்தபோது விட்டுப்போனதைப் பிடிக்கத்தான். புளியங்கொட்டையைச் சும்மா நினைக்காதீர்கள். பத்துப் பத்தாகக் குவித்து, மிச்சம் மூன்று என்று கையால் தொட்டுப் பார்த்த பிள்ளைக்குத்தான் 23-ல் இருக்கிற 2 ஏன் இருபது என்று புரியும். என் வகுப்பில் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் எண்ணிக் காட்டுவார்கள், நான் சொல்வதைவிட அது சீக்கிரம் பதிகிறது.

செல்லூர் தாத்தா:
என் பேத்தியும் அரும்பில்தான் இருந்தாள். பெரியார் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதெல்லாம் பஸ் போர்டைப் படிக்கச் சொல்வேன். 'மாட்டுத்தாவணி'யை அவள் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது, அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

திருமங்கலம் அம்மா:
சரி டீச்சர், இன்று ராத்திரி நானும் புளியங்கொட்டையோடு அவள்கூட உட்காருகிறேன்.