கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் நர்சிங்: ஜிபிஏ 2.4, வழி உண்டா?

கேள்வி: என் ஜிபிஏவை (எல்லாப் பாடங்களின் சராசரி கிரேடு, 4-க்கு) பழைய டி, எஃப் என்ற மோசமான கிரேடுகள்தான் கீழே இழுக்கின்றன. நர்சிங் சேருமுன் முடிக்க வேண்டிய பாடங்களில், அனாட்டமியில் சி. பிசியாலஜி, மைக்ரோபயாலஜி இன்னும் எடுக்கவில்லை. எங்கே தொடங்குவது?

பதில் 1: முதலில் கவுன்சிலரிடம் ‘அகாடமிக் ரினியூவல்’ கேளுங்கள். அந்தப் பழைய கிரேடுகளுக்குப் பிறகு எடுத்த பாடங்களில் நல்ல கிரேடு இருந்தால், பழைய டி, எஃப் ஜிபிஏ கணக்கிலிருந்து நீங்கும். டிரான்ஸ்கிரிப்டிலிருந்து அழியாது.

பதில் 2: அந்த சி-தான் தலைவலி. தேறிய பாடத்தைப் பொதுவாகத் திரும்ப எடுக்க விடமாட்டார்கள். அதனால் மிச்சமுள்ள இரண்டிலும் ஏ வாங்குங்கள். பாதியில் டபிள்யூ (வித்டிராயல்) போட்டு விலகினாலும் ஒரு முயற்சி போனதாகவே கணக்கு, ஒரு பாடத்துக்கு மொத்தம் மூன்றுதான்.

பதில் 3: டீஸ் (TEAS) என்ற நர்சிங் நுழைவுத் தேர்வில் 62% வெறும் தேர்ச்சி. ஜிபிஏ, டீஸ் போன்றவற்றுக்குப் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் காலேஜில், டீஸில் கூடுதல் மதிப்பெண் ஜிபிஏ குறையை ஓரளவு ஈடுகட்டும். குலுக்கல் முறை உள்ள இடத்தில் குறைந்தபட்சத் தகுதியைத் தாண்டினாலே போதும். அங்கேயும் விண்ணப்பியுங்கள்.